ஆறி முடியாத காயம்: ஆண்குறித் தழும்பு நோய்களும் ஜொகூர்த் தமிழர்களின் இனிப்பு நீரும்

இனிப்பு நீர் என்னும் நீரிழிவு பல ஆண்டுகளாக உள்ளவர்களிடம் மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்வதுண்டு. கோயிலில் கும்பிடுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைக்கச் சொல்வார்கள். விரல்கள் முழுவதுமாக ஒட்டாமல் நடுவே இடைவெளி விழுந்தால், கை மூட்டுகளைச் சுற்றியுள்ள திசு இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதே நோயாளிக்குத் தோள் இறுகி, சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் போகலாம். மடக்கிய விரல் நிமிர மறுக்கலாம். இவற்றையெல்லாம் அவர் வீட்டில் சொல்வார், வேலையிடத்தில் சொல்வார், கிளினிக்கிலும் சொல்வார். ஆண்குறியிலும் திசு அதே வழியில் இறுகித் தழும்பாகக்கூடும். அதை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார்.

சொல்லாமல் விடுவதற்கான விலை பெரியது. நோயின் தொடக்க மாதங்களில்தான் மருத்துவத்தால் செய்யக்கூடியவை அதிகம். ஜொகூரில் வாழும் நம் ஆண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திசுவை இறுகச் செய்யும் காரணிகளில் முதன்மையானவற்றுள் ஒன்றான நீரிழிவு, இந்த நாட்டில் நம் சமூகத்தில்தான் மிக அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகச் சற்றுக் குறைந்தது. இந்தியர்கள் முதலிடத்திலேயே இருந்தார்கள்.

ஆண்குறித் தழும்பு நோய்களில் அதிகம் ஆராயப்பட்டது பெய்ரோனி நோய். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவராக இருந்த பிரான்சுவா ஜிகோ து லா பெய்ரோனி 1743இல் அதைப் பற்றி எழுதினார். ஜெபமாலை மணிகளைப் போன்ற முடிச்சுகள் உறுப்பின் நெடுகிலும் தட்டுப்படுவதையும், விறைக்கும்போது உறுப்பு வளைவதையும் அவர் குறித்து வைத்தார். பாரேஜ் ஊற்று நீரில் குளிப்பதை மருந்தாகச் சொன்னார். அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்பே, 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியலாளர்கள் இதைக் கண்டிருந்தார்கள். பழைய நோய்தான். ஆனால் அது உயிரணுக்களின் அளவில் எப்படி உருவாகிறது என்பது கடந்த ஐம்பது ஆண்டுகளில்தான் துலங்கியது.

எந்தத் திசு பாதிக்கப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆண்குறிக்குள் இரத்தம் நிரம்பும் இரண்டு நீள் அறைகள் உள்ளன. அவற்றைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் உறுதியான வெண்ணிற உறையை வெள்ளுறை எனலாம். அது இரண்டு அடுக்குகளால் ஆனது. உள்ளடுக்கின் இழைகள் வட்டமாகவும் வெளியடுக்கின் இழைகள் நீளவாக்கிலும் ஓடுகின்றன. வலிமைக்குக் கொலாஜன், நெகிழ்ச்சிக்கு எலாஸ்டின் என இரு புரதங்களும் அதில் பின்னிக் கிடக்கின்றன. தளர்ந்த நிலையில் சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள இந்த உறை, விறைக்கும்போது கால் முதல் அரை மில்லிமீட்டருக்கு மெலிகிறது. அத்தனை மெலிந்த நிலையில், இரத்த அழுத்தத்துக்கு நிகரான, சில கணங்களில் அதையும் பல மடங்கு மிஞ்சிய அழுத்தத்தை அது தாங்கி நிற்கிறது. உறையின் ஓரிடம் மட்டும் விரிய மறுத்தால் மற்ற பக்கம் விரிய, உறுப்பு அந்த இடத்தை நோக்கி வளையும். பெய்ரோனி நோயின் வளைவு என்பது இவ்வளவுதான்.

அந்த ஓரிடம் ஏன் விரிய மறுக்கிறது? பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் சிறு காயங்களில் தொடங்குகிறது. முழு விறைப்பில்லாத நிலையில் உறவு கொள்ளும்போது உறுப்பு மடங்கி, உறையின் அடுக்குகளுக்கு இடையே நுண்ணிய கிழிசல்கள் விழலாம். பலருக்கு அது நினைவில்கூட இருக்காது. இரு அறைகளுக்கும் நடுவேயுள்ள தடுப்புச் சுவர் வெள்ளுறையின் மேற்புறத்தோடு சேரும் இடத்தில்தான் இழுவிசை அதிகம். தழும்பு பெரும்பாலும் மேற்புற நடுக்கோட்டில் தோன்றுவதும் உறுப்பு மேல்நோக்கி வளைவதும் இதனோடு பொருந்துகின்றன.

கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்து ஃபைப்ரின் என்னும் புரத வலை படிகிறது. விரலில் கத்தி பட்டாலும் இதே வலைதான் படிகிறது. சில நாட்களில் உடல் அதைக் கரைத்து அகற்றிவிடும். ஆனால் வெள்ளுறையில் இரத்த நாளங்கள் குறைவு. இரு அடுக்குகளுக்கும் நடுவே அகப்பட்ட ஃபைப்ரின் எளிதில் கரைவதில்லை. போதாக்குறைக்கு, ஃபைப்ரினைக் கரைக்கும் நொதிகளைத் தடுக்கும் ஒரு புரதம் பெய்ரோனித் தழும்புகளில் மிகுந்திருப்பதைக் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் கண்டார்கள். எலிகளின் வெள்ளுறைக்குள் ஃபைப்ரினைச் செலுத்தியபோது அங்கேயும் தழும்பு உருவானது.

தேங்கிய ஃபைப்ரின் அழற்சி உயிரணுக்களை வரவழைக்கிறது. அவை வெளியிடும் வேதித் தூதுகளில் தலையாயது டிஜிஎஃப் பீட்டா 1. காயம் ஆற வேண்டுமானால் இது வேண்டும். கொலாஜனை உற்பத்தி செய்யும்படி ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களுக்கு ஆணையிடுவதும், பழைய கொலாஜனை அரித்தெடுக்கும் நொதிகளை அடக்கி வைப்பதும் இதுவே. சிக்கல் என்னவென்றால், டிஜிஎஃப் பீட்டா 1 தன்னையே மேலும் சுரக்கத் தூண்டக்கூடியது. அடக்கும் சமிக்ஞை பலவீனமானால் சுழற்சி நிற்காது. 1990களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் எல்-சக்காவும் உடன் பணியாற்றியோரும் நோயாளிகளின் தழும்புத் திசுவில் இந்தப் புரதம் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள். எலியின் வெள்ளுறையில் அதைச் செலுத்தி நோயை ஒத்த தழும்பையும் உண்டாக்கினார்கள். தற்செயலாக உடனிருக்கும் பொருளா, காரணமா என்ற கேள்விக்கு இது வலுவான பதில்.

இந்தக் கதையின் நடுநாயகம் மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் உயிரணு. ஜூலியோ கபியானியும் சக ஆய்வாளர்களும் 1971இல் ஆறும் காயத்தின் திசுவில் இதை அடையாளம் கண்டார்கள். இழை நூற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்தான், ஆனால் தசையைப் போலச் சுருங்கும் ஆற்றலையும் பெற்றுவிட்ட வடிவம். காயத்தின் விளிம்புகளை இழுத்து மூடுவது இதன் வேலை. வேலை முடிந்ததும் இவை தாமாகவே மடிந்து மறைய வேண்டும். மறையாமல் தங்கிவிட்டால் கொலாஜன் குவிந்துகொண்டே போகும், திசு சுருங்கும், எலாஸ்டின் இழைகள் சிதையும். சில தழும்புகளில் சுண்ணம் படிந்து எலும்புபோல் கெட்டிப்படுவதும் உண்டு. கபியானி அடுத்த ஆண்டே உள்ளங்கைத் தழும்பு நோயான டுப்யுட்ரான் இறுக்கத்திலும் இதே உயிரணுவைக் கண்டார். அந்த நோயில் உள்ளங்கையில் முடிச்சு விழுந்து விரல்கள் உள்நோக்கி மடங்கிப் போகும். பெய்ரோனி நோயாளிகளில் குறிப்பிடத்தக்க பங்கினருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் டுப்யுட்ரான் நோயோடு தொடர்புடைய ஒன்பது மரபணு இடங்களை வெளியிட்டார்கள். அவற்றில் பல, ‘டபிள்யூஎன்டி’ எனப்படும் உயிரணு வளர்ச்சிச் சமிக்ஞைப் பாதையைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்று பெய்ரோனி நோயிலும் தலைகாட்டுவதை அடுத்த ஆண்டு அவர்களே காட்டினார்கள்.

ஆகவே காயம் எல்லோருக்கும் ஏற்படலாம். ஆறுவதை எங்கே நிறுத்துவது என்று சிலருடைய திசுவுக்குத் தெரிவதில்லை. அதற்குப் பரம்பரையும் வயதும் ஒரு பங்கு. நோய் பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டித் தெரிகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் வினாத்தாள் கொடுத்து நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது, அதில் 3.2 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அமெரிக்காவில் புரோஸ்டேட் சோதனைக்கு வந்தவர்களை மருத்துவர்களே தொட்டுப் பார்த்தபோது 8.9 விழுக்காடு. கேட்டால் ஓர் எண்ணிக்கை, தொட்டுப் பார்த்தால் கூடுதல் எண்ணிக்கை. இரு ஆய்வுகளும் வெவ்வேறு ஆண்களைப் பார்த்தவை என்றாலும், இது மறைத்து வைக்கப்படும் நோய் என்பதற்கு அதுவும் ஓர் அறிகுறி.

இனி இனிப்பு நீருக்கு வருவோம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது அது புரதங்களோடு நொதியின் துணையில்லாமலே ஒட்டிக்கொள்கிறது. கிளினிக்கில் பார்க்கும் எச்பிஏ1சி அளவும் இந்த ஒட்டுதலைத்தான் காட்டுகிறது; அங்கே புரதம் ஹீமோகுளோபின். சிவப்பணு நான்கு மாதங்களில் அழிந்து புதியது வந்துவிடும். கொலாஜனோ ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கும் புரதம். அதில் ஒட்டிய சர்க்கரை மெல்ல மெல்ல மாறி, பக்கத்து இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குக் கட்டுகளாகிறது. பிணைந்த கொலாஜன் விறைக்கும், நொதிகளுக்கும் அசைந்து கொடுக்காது. இந்தச் சர்க்கரைப் புரதங்கள் உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளைத் தொட்டு, டிஜிஎஃப் பீட்டா சுரப்பையும் உயிரணுவை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் கூட்டுகின்றன. கும்பிடும் கை ஒட்டாததும், தோள் இறுகுவதும், சிறுநீரக வடிகட்டிகள் தழும்பேறுவதும் இந்தப் பொதுவான வழியில்தான்.

ஆண்குறியில் நீரிழிவின் தாக்கம் இரட்டையாக விழுகிறது. நரம்பும் நாளமும் பழுதாகி விறைப்பு குறைகிறது; குறைந்த விறைப்பில் உறுப்பு மடங்கும் வாய்ப்பும் கூடுகிறது. அப்படி விழும் சிறு காயம், ஏற்கெனவே ஆறுதல் கோணலாகிவிட்ட திசுவில் விழுகிறது. விறைப்புக் குறைபாடுள்ள நீரிழிவு ஆண்களை மட்டும் சோதித்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பெய்ரோனித் தழும்பு தென்பட்டது. காசவேயில் மோட்டார் சைக்கிளில் விடியுமுன் சிங்கப்பூருக்குப் போய் இரவு திரும்பும் ஜொகூர் ஆண், விறைப்பு குறைந்ததைக் களைப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார். அது களைப்பாகவே இருக்கலாம். நாற்பது வயதுக்காரருக்கு அது இருதய நாளங்கள் பழுதாகத் தொடங்கியதன் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். சர்க்கரை பார்க்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது.

நம் சமூகத்தில் இன்னும் பரவலாகக் காணத்தக்க வேறொரு தழும்பும் உண்டு. அது வெள்ளுறையில் அல்ல, முன்தோலில். மலேசியாவில் முஸ்லிம் ஆண்கள் சிறு வயதிலேயே விருத்தசேதனம் செய்துகொள்கிறார்கள். தமிழ் இந்துக்களிலும் கிறிஸ்தவர்களிலும் பெரும்பாலோர் செய்வதில்லை. சர்க்கரை கலந்த சிறுநீர் முன்தோலின் அடியில் தங்கினால் கேண்டிடா பூஞ்சை செழிக்கும். அரிப்பு, சிவப்பு, தோலின் விளிம்பில் சிறு வெடிப்புகள், ஆறுதல், மறுபடி வெடிப்பு. ஒவ்வொரு முறை ஆறும்போதும் வெண்மையான வட்டத் தழும்பு ஒன்று இறுகுகிறது. ஒரு கட்டத்தில் தோல் பின்னே இறங்காது. பல ஆண்களுக்கு நீரிழிவு இருப்பதே இந்த வெடிப்புகளைக் காட்டிய பிறகுதான் தெரிய வருகிறது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்லவை. அவற்றை எடுப்பவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று கூடலாம் என்பதால் தினமும் கழுவி உலர்த்துவது அவசியம். தொற்று வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

இதே இடத்தில் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் தோல் நோயும் தழும்பை உண்டாக்கும். உடலின் எதிர்ப்பு அணுக்களே தோலைத் தாக்குவதால் வருவது என்பது பரவலான கருத்து. பீங்கான்போல் வெளுத்த திட்டுகள் முன்தோலில் தொடங்கி சிறுநீர்த் துவாரம் வரை பரவி அதைச் சுருக்கலாம். சிறு பங்கினருக்கு அது ஆண்குறிப் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. தொடக்கத்தில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு கேட்கும். முற்றினால் முன்தோலை அகற்றுவதுதான் சிகிச்சை. ‘சுன்னத்தா? நமக்கு வேண்டாம்’ என்று மறுத்துப் பல ஆண்டு வலியோடு இருப்பவர்கள் உண்டு. தழும்பேறிய தோலை அகற்றும் அறுவை எந்த மதத்தின் சடங்கும் ஆகாது. குடல்வால் அறுவையைப் போல அது ஒரு சிகிச்சை. தயக்கத்தால் புற்றுநோய் வரை போகவிடுவது மதத்தைக் காப்பதும் ஆகாது.

மனிதன் தானே வரவழைத்துக்கொள்ளும் தழும்பும் இருக்கிறது. உறுப்பைப் பருக்க வைப்பதாகச் சொல்லி கனிம எண்ணெய், பாரஃபின், சிலிகோன் ஆகியவற்றைத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் பழக்கம் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நெடுங்காலமாக உண்டு. மலேசிய மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதன் தொடக்கம் ஒரு மருத்துவரின் அறையில்தான்: 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விந்தகத்தை இழந்த இளைஞருக்கு வாசலைனை ஊசியால் செலுத்தினார். அதன் கேடுகள் சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டன. பாரஃபினைச் செரிக்க மனித உடலிடம் நொதி இல்லை. விழுங்கும் உயிரணுக்கள் அதை மென்று மென்று தோற்று, ஒன்றோடொன்று கூடிப் பேரணுக்களாகி அதைச் சுற்றி வளைக்கின்றன. வெளியே கொலாஜன் சுவர் எழுகிறது. எண்ணெய் நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போனால் அங்கேயும் சுவர். சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ தோல் கல்லாக இறுகிப் புண்ணாகிறது. தழும்பேறிய தோல் முழுவதையும் வெட்டியெடுத்து வேறிடத் தோலால் போர்த்துவது தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. விடுதியிலும் நண்பர் கூட்டத்திலும் இந்த ஊசி பேரம் பேசப்பட்டால், இளைஞர்கள் எழுந்து போய்விட வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிப் பேசுமுன் நோயின் இயல்பான போக்கைச் சொல்லியாக வேண்டும். ஏமாற்று வியாபாரம் வாழ்வது அதன் நிழலில்தான். பெய்ரோனி நோய்க்கு இரண்டு கட்டங்கள். முதல் ஆறு முதல் பதினெட்டு மாதங்கள் வரை வலியும் மாறும் வளைவும் இருக்கும். பிறகு வலி நின்று வளைவு நிலைத்துவிடும். சிகிச்சை பெறாத நோயாளிகளை முல்ஹாலும் உடன் பணியாற்றியோரும் தொடர்ந்து கவனித்து 2006இல் எழுதினார்கள்: வளைவு 12 விழுக்காட்டினருக்குத் தானாகக் குறைந்தது, 40 விழுக்காட்டினருக்கு மாறவில்லை, 48 விழுக்காட்டினருக்கு மோசமானது. வலியோ ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குத் தானே நின்றது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் எண்ணெய் வாங்கித் தடவுகிறார் என்று வையுங்கள். ஓராண்டில் வலி நிற்கிறது. எண்ணெய்க்காரர் சொன்னது பலித்துவிட்டதாக அவர் நான்கு பேரிடம் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் இல்லாமலும் அது நின்றிருக்கும்.

நவீன மருத்துவமும் இந்தப் பொறியில் விழுந்து எழுந்ததுதான். 1948இல் வைட்டமின் ஈ பலன் தருவதாக ஓர் அறிக்கை வந்தது. பல பத்தாண்டுகள் உலகமெங்கும் மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. கிளாஸ்ட்ரிடியம் கிருமியிலிருந்து எடுத்த கொலாஜனேஸ் நொதியைத் தழும்புக்குள் செலுத்தும் ஊசிக்கு 2013 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. சோதனையில் ஊசி பெற்றவர்களின் வளைவு சராசரியாக 34 விழுக்காடு குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் 18 விழுக்காடு குறைந்தது. ஒப்பீடு இல்லாத எந்த ‘வெற்றிக் கதை’யையும் ஏன் நம்பக்கூடாது என்பதற்கு அந்த இரண்டாவது எண் போதும். அந்த மருந்தும் ஐரோப்பியச் சந்தையிலிருந்து 2020இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. முதல் கட்டத்தில் வலியைக் குறைக்கும் மருந்துகள், சிலருக்கு இழுவைக் கருவி, விறைப்பைக் காக்கும் மாத்திரைகள் ஆகியவை பயன்படுகின்றன. வளைவு நிலைத்த பிறகு அறுவை. எதிர்ப்பக்க உறையைச் சுருக்கித் தைத்து நேராக்கும் முறை, 1965இல் ரீட் நெஸ்பிட் பிறவி வளைவுக்காக விவரித்த வழியிலிருந்து வளர்ந்தது. விறைப்பும் போய்விட்டவர்களுக்கு உள்ளே பொருத்தும் கருவி உண்டு. எல்லா அறுவையிலும் நீளம் சற்றுக் குறையலாம் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெய்ரோனி நோய் தொற்றாது. பால்வினை நோய் அல்ல, புற்றுநோயும் அல்ல. இளமைக் காலக் கைப்பழக்கத்துக்குக் கிடைத்த தண்டனை என்று நம் ஊர்களில் பலர் நம்பிக்கொண்டிருப்பதற்கு உயிரியலில் எந்த இடமும் இல்லை. அந்த நம்பிக்கை செய்யும் கேடு மட்டும் உண்மையானது. பெய்ரோனி நோயாளிகளை ஆராய்ந்த ஒரு குழு, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருப்பதைக் கண்டது. மனைவியிடமிருந்து விலகிப் படுப்பவர், ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று மனைவி நினைத்துக்கொள்வதைக்கூட அறியாமல் இருந்துவிடுகிறார். உடம்பில் ஒரு தழும்பு, குடும்பத்தில் இன்னொன்று.

சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய், மாசாய் என்று எங்கே இருந்தாலும் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. இனிப்பு நீர் அட்டையோடு மாதந்தோறும் அங்கே போகிறவர்கள் நம்மில் ஏராளம். அடுத்த முறை போகும்போது, விறைக்கையில் வலி, புதிதாக வந்த வளைவு, தொட்டால் தட்டுப்படும் கட்டி, இறங்க மறுக்கும் முன்தோல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெண் மருத்துவராக இருந்தால் ஆண் மருத்துவரைக் கேட்கலாம். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். தேவைப்பட்டால் அவர் சிறுநீரியல் நிபுணருக்குக் கடிதம் எழுதித் தருவார். அரசாங்கக் கிளினிக்கிலும் அரசாங்க நிபுணரிடமும் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. வலி தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் போய்விடுங்கள்.